பொட்டைக் குட்டிக்கு ஒரு பேர்

சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நேரம். காலையில் மோட்டார் போடப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு உரச்சாக்கு நெளிந்துகொண்டிருந்தது. பாம்பு புகுந்திருக்குமோ என்று குச்சியால் தள்ளிப் பார்த்தால் மூன்று நாய்க்குட்டிகள். கண் திறந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரியில் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டு கடுவன், ஒன்று பொட்டை. (பட்டணத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண் நாய்க்கும் ஆண் பூனைக்கும் எங்கள் பக்கம் கடுவன் என்றுதான் பேர்.) வைக்கோல் கட்ட வந்த ஆள் ஒருத்தர் கடுவன் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பையன் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போனான். அதுவரை ஐந்தாறு பேர் வந்து பார்த்தார்கள். எல்லோரும் செய்தது ஒரே காரியம். மிச்சமிருந்த குட்டியைத் தூக்கி, வயிற்றைத் திருப்பிப் பார்த்து, "அட, பொட்டையா" என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

இருட்டியதும் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

"பொட்டைக் குட்டிய ஏன்டா தூக்கிட்டு வந்த? வருஷத்துக்கு ரெண்டு தடவ போடும். அப்பறம் நீ எந்தக் கொட்டாயில கொண்டுபோயி விடுவ?"

நியாயமான கேள்வி. சாக்கில் கட்டி விட்டுப் போனவரும் நம்மைப் போல ஒருத்தர்தானே. ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அதைப் பற்றி இல்லை. இதற்கு என்ன பேர் வைப்பது என்பதுதான். என் மகள் ரோஸி, லூசி, டெய்சி என்று அடுக்கினாள். எனக்கு அதெல்லாம் சரியாகப் படவில்லை. இந்தக் குட்டி வளர்ந்தால் நெல் கிடக்கும் களத்தில் ராத்திரி தனியாகப் படுத்திருக்க வேண்டும். நாற்றங்காலில் ஆடு மாடு இறங்காமல் பார்க்க வேண்டும். நரி வந்தால் எதிர்த்து நிற்க வேண்டும். பொம்பளப் பேராகவும் இருக்க வேண்டும், கூப்பிட்டால் நாலு வயல் தாண்டிக் கேட்கவும் வேண்டும், கேட்கிறவனுக்குக் கொஞ்சம் யோசனையும் வர வேண்டும். அப்படி ஒரு பேர் என்ன இருக்கிறது?

எங்கள் தெருவை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். மணி, ராஜா, டைகர், வீரன், கருப்பன், ஜிம்மி. எல்லாம் கடுவன். பொட்டை நாய் இல்லாமல் இல்லை. நாலைந்து உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் 'வெள்ளச்சி', 'செவல' என்று நிறம்தான் பேர். அதுவும் இல்லாதது 'அந்தப் பொட்ட நாய்'. கடுவனுக்கு ராஜா என்று பட்டம் கட்டுகிற நாம், பொட்டைக்கு அது என்ன நிறம் என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் பேர் விஷயத்தில் ரொம்பக் கறாரான ஊர் எங்களுடையது. 1739-இல் தஞ்சாவூர் மராத்திய ராஜாவிடமிருந்து காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே மேரி என்றால் அது பேர் பதிகிற இடம். பிறந்தாலும் செத்தாலும் கல்யாணம் பண்ணினாலும் அங்கே எழுதியாக வேண்டும். 1881-இல் ஒரு சட்டம் வந்தது. ஜாதி வழக்கத்தையும் சமய வழக்கத்தையும் விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று ஒருத்தர் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் அவர் புதிதாக ஒரு குடும்பப் பேரும் எடுத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் 'லாபோர்த்' என்று எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று அர்த்தம். இன்றைக்கும் காரைக்காலில் பழைய குடும்பங்களில் முத்துவையும் குப்புசாமியையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறார்கள். ஒரு எழுத்து மாறினால் பென்ஷன் நின்றுபோகும். ஆக, பேர் என்றால் சும்மா இல்லை என்று தெரிந்த ஊர் இது.

சரி, நம்முடைய பழைய ஆட்கள் பெண் நாயை எப்படிச் சொன்னார்கள்? தொல்காப்பியத்தில் கடைசி இயல் மரபியல். எந்த உயிருக்கு ஆண் பெயர் என்ன, பெண் பெயர் என்ன, குட்டிக்கு என்ன பெயர் என்று அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பன்றி, புல்வாய் என்கிற மான், நாய் மூன்றின் பெண்ணுக்கும் 'பிணவு' என்பது பெயர். 'பிணவல்' என்றும் சொல்லலாம். குட்டி என்றால் 'குருளை'. அதே குருளைதான் புலிக்குட்டிக்கும். ஆக, சாக்கில் கட்டி நான் கண்டெடுத்தது ஒரு பிணவுக் குருளை. சொல்லிப் பாருங்கள், எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! இன்றைக்குப் பிணவு என்றால் யாருக்கும் தெரியாது. பொட்டை என்ற சொல் இருக்கிறது. அதையும் ஆம்பளைகளைக் கேவலப்படுத்துவதற்குத்தான் அதிகம் எடுக்கிறோம்.

பொதுப் பெயர் இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட நாய்க்கு வைத்த பேர் ஏதாவது நமக்குக் கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது. அதுவும் கல்லில்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் எழுதியது. மாமல்லபுரத்துக்குப் பேர் கொடுத்த மாமல்லனின் அப்பாதான் இந்த மகேந்திரன். அப்படியானால் கல்லுக்கு வயசு சுமார் 1400. எருமை மந்தையைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் அதற்கென்று தனியாக எழுத்து. அந்த நாயின் பேர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து அங்கேயே காத்து நின்றதாம். ராஜாவின் பேர் இருக்கிற அதே கல்லில் நாயின் பேர். மந்தை மேய்க்கிறவன் நாய்க்கு எவ்வளவு கடன்பட்டவன் என்று தெரிந்தவர்கள் வெட்டிய எழுத்து அது. ஆனால் கோவிவன் என்பது ஆம்பளப் பேர். என் தேடலுக்கு ஆகாது.

இரண்டாவது கல் கர்நாடகத்தில் கிடைத்தது. இது நம்மூர்க் கதையோடும் பின்னிக் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையில் உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு வீராணம் ஏரித் தண்ணீர். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகச் சோழனின் பட்டப்பேர். அவனுடைய மகன் ராஜாதித்தன். வடக்கேயிருந்து ராஷ்டிரகூடர் எந்நேரமும் வரலாம் என்று எல்லைக் காவலுக்காக அவனைப் பெரும் படையோடு திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தியிருந்தார்கள். சண்டை வராமல் வருஷக்கணக்கில் சும்மா இருந்த அந்தப் படை வெட்டியதுதான் வீராணம் என்று சொல்வார்கள்.

கடைசியில் சண்டை வந்தது. 949-இல், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தக்கோலத்தில். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் அவனுடைய மைத்துனன் கங்க மன்னன் பூதுகனும் ஒரு பக்கம். ராஜாதித்தன் ஒரு பக்கம். ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே செத்துப்போனான். 'யானை மேல் துஞ்சிய தேவர்' என்று சோழர்கள் அவனைச் சொன்னது அதனால்தான். எங்களுக்குத் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆனைமங்கலம் இருக்கிறது. அந்த ஊரைப் புத்த விகாரத்துக்குக் கொடுத்த செப்பேடு பின்னால் ஹாலந்துக்குப் போய் 'லெய்டன் செப்பேடு' என்று பேர் வாங்கியது. அதிலும் இந்தச் சாவு வருகிறது. கிருஷ்ணனின் அம்பு பட்டு யானை மேலேயே உயிர் போனதாக அது சொல்கிறது. கன்னடக் கல்வெட்டோ, பூதுகன் அம்பாரியிலேயே குத்திக் கொன்றான் என்கிறது.

அந்தக் கன்னடக் கல்வெட்டுதான் நான் சொல்ல வந்தது. ஊர் ஆதகூர், மண்டியா மாவட்டம். ஜெயித்த பூதுகனுக்கு ராஷ்டிரகூட ராஜா பெரிய பெரிய நாடுகளையே தூக்கிக் கொடுத்தான். பூதுகன் தன் பங்குக்கு, சண்டையில் முன்னால் நின்ற மணலேரன் என்ற வீரனைக் கூப்பிட்டு, "என்ன வேண்டும், கேள்" என்றான். அப்போது மணலேரன் கேட்டது ஒரு நாய். பூதுகன் வளர்த்த வேட்டை நாய். அதன் பேர் காளி.

மணலேரன் அதை வாங்கிக்கொண்டு போனான். பின்னால் ஒரு காட்டில் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினான். காளியும் பன்றியும் மோதி இரண்டுமே செத்தன. ஆதகூர்ச் சிவன் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் மோதுகிற மாதிரி அதில் சிற்பம். கல்லுக்குப் பூசை நடக்க வேண்டும் என்று பெரிய ஏரிக்குக் கீழே நிலம் விட்டார்கள். பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் அவருக்குப் பாவம் சேரும் என்றும் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் எடுக்கிற முக்கியமான சாட்சிகளில் ஒன்று அது. ஒரு சோழ இளவரசனின் சாவு எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி, ஒரு நாய்க்கு நட்ட கல்!

எங்கள் சோழ நாட்டுக்கு அது துக்கக் கல். ஆனாலும் எனக்கு அந்த மணலேரனைப் பிடித்துவிட்டது. ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். காளியைக் கேட்டான். காளி என்று பேர் வைத்த நாயை யாரும் கேலி செய்ததாகவோ சாமி குத்தம் என்று பயந்ததாகவோ கல்லில் இல்லை. கோயில் வாசலிலேயே நட்டிருக்கிறார்கள்.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னேன். "அம்மா, இதுக்குக் காளின்னு வெச்சுடலாம்."

அம்மா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டது.

காரைக்கால் மாவட்டத்துக்காரர்களிடம் காளி என்று சொன்னால் அம்பகரத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். திருநள்ளாற்றுக்கு மேற்கே இருக்கிறது. எருமை உருவெடுத்து அட்டகாசம் பண்ணிய அம்பரன் என்ற அசுரனைக் கொன்ற பத்ரகாளி. வைகாசியில் திருவிழா என்றால் சுற்றுப்பட்ட ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கும். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை அந்தக் கோயிலுக்குப் போகும். மாடு கன்று போட்டு ஏதாவது சிக்கல் என்றாலும் அம்மா முதலில் முடிந்து வைப்பது அவளுக்குத்தான்.

"அவ பேரையா நாய்க்கு வெக்கிற? ஒரு நாளைக்கு எத்தன தடவ அத வெரட்டுவ? எச்சி எலய நக்குனா என்ன சொல்லுவ? 'ச்சீ காளி'ம்பியா? 'சனியனே காளி, வெளிய போ'ம்பியா? வாயில வரலாமா அது?"

நான் கல்வெட்டைச் சொன்னேன். அம்மா மசியவில்லை. "அவன் ராஜா. அவன் நாய் அரமணையில கெடந்துச்சு. ஒன் நாய் தெருவுலல்ல கெடக்கும்?"

யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதிலும் சரித்திரம் இருக்கிறது. நாய்க்குப் பேர் வைத்து மனுஷனை அவமானப்படுத்துவது பழைய தந்திரம். தமிழ்நாட்டில் முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு டிப்பு இருக்கும். திப்பு சுல்தானை இழிவுபடுத்த வெள்ளைக்காரன் தன் நாய்க்கு வைத்த பேரைத்தான் நாம் விவரம் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தோம் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. அந்தப் பேச்சு நிஜமோ பொய்யோ, அதைக் கேட்ட பிறகு நிறையப் பேர் அந்தப் பேரை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பங்காளிச் சண்டையில் எதிராளி பேரை நாய்க்கு வைத்து, அவர் வாசலில் போகும்போது சத்தமாகக் கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பேர் அதே பேர்தான். கூப்பிடுகிறவன் மனசைப் பொறுத்து அது கல்வெட்டும் ஆகும், கல்லெறியும் ஆகும்.

நான் விடவில்லை. நம்மூர் அம்மையாரை இழுத்தேன்.

ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுக்கு நீங்கள் யாராவது வந்திருக்கலாம். வீட்டு மாடியிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள், கீழே கூட்டம் மடியேந்திப் பிடிக்கும். அந்தத் திருவிழா புனிதவதிக்கு. வணிகர் வீட்டுப் பெண். புருஷன் பரமதத்தன். மாம்பழம் வந்த விதத்தைப் பார்த்து, இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று பயந்துபோய்க் கப்பலேறிப் போய்விட்டான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அங்கே பிறந்த பெண் குழந்தைக்கு அவன் வைத்த பேர் என்ன தெரியுமா? புனிதவதி. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்கிறார். எந்தப் பெண்ணைக் கண்டு பயந்து ஓடினானோ அவள் பேரையே தன் மகளுக்கு வைத்தான். தேடிக்கொண்டு வந்தவளின் காலில் மனைவி மகளோடு விழுந்தான்.

அதற்குப் பிறகு அந்த அம்மா தன் அழகான உருவத்தை வேண்டாம் என்று உதறி, பேய் உருவம் கேட்டு வாங்கினார். அதற்கப்புறம் பாடிய பாட்டுகளின் முடிவில் தன் பேரை அவரே சொல்கிறார்: காரைக்கால் பேய். புனிதவதி என்று பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, இன்னார் மனைவி என்ற பேரும் இல்லை. கயிலைக்குத் தலையால் நடந்து போனபோது சிவன் கூப்பிட்டது 'அம்மையே' என்று. அவர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடிய ஊர் அது. ராஜாதித்தன் செத்த தக்கோலத்திலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது.

"பேய்னு பேர் வெச்சுக்கிட்டவங்களத்தானம்மா நம்மூர்ல தேர்ல வெச்சு இழுக்கறோம்? பேர்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு.

அம்மா ரொம்ப நேரம் யோசிக்கவே இல்லை. "அது அவங்களே வெச்சுக்கிட்ட பேருடா. நாய்க்கு நீயில்ல வெக்கிற?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை நாள் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை. தனக்குத் தானே வைத்துக்கொள்கிற பேர் ஒன்று, வாயில்லாத ஜீவனுக்கு நாம் வைக்கிற பேர் ஒன்று. இரண்டாவதில் பொறுப்பு முழுக்க வைக்கிறவன் தலையில்.

அப்போதுதான் லைகா ஞாபகம் வந்தது. உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெண் நாயின் பேர் அதுவாகத்தான் இருக்கும். மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். சின்ன இடத்தில் கழிவைச் சேகரிக்கும் பையைக் காலைத் தூக்காத பெண் நாய்க்கு மாட்டுவது சுலபம் என்பதால் ரஷ்யர்கள் அந்த வேலைக்குப் பெண் நாய்களாகவே எடுத்தார்கள். முதலில் அதற்கு குத்ரியாவ்கா என்று பேர். சுருள்முடிக்காரி என்கிற மாதிரி, நம்மூர் வெள்ளச்சி போலத்தான். பிறகு லைகா ஆனது. குரைக்கிறவள். 1957 நவம்பர் 3-ஆம் தேதி மேலே அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுவருகிற ஏற்பாடே அந்தக் கலத்தில் கிடையாது. சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துப்போனது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது. அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள், தபால்தலை போட்டிருக்கிறார்கள். பேர் உலகம் பூரா போனது. ஆனால் பேர் வைத்தவர்கள் அந்தப் பேருக்குக் கடமைப்பட்டவர்களாக நடந்தார்களா?

நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை ஒரு பெண் நாயே கேட்டிருக்கிறது. அதன் பேர் சரமா. ரிக் வேதத்தில், பணிகள் என்பவர்கள் ஒளித்துவைத்த மாடுகளைத் தேடிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போகிற இந்திரனின் தூதி அவள். "எங்களுக்குத் தங்கச்சியாக இருந்துவிடு, மாட்டில் பங்கு தருகிறோம்" என்று பணிகள் ஆசை காட்டியும் மசியவில்லை. மகாபாரதத்தில் அவள் வருவது கதையின் தொடக்கத்திலேயே. ஜனமேஜயன் தம்பிகளோடு குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்கிறான். அந்தப் பக்கம் வந்த நாய்க்குட்டி ஒன்றைத் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுகிறது. "நீ ஏதாவது தப்புப் பண்ணியிருப்பாய்" என்கிறாள் அம்மா. "அவிசை நான் பார்க்கக்கூட இல்லை, நக்கவும் இல்லை" என்கிறது குட்டி. சரமா நேரே யாகசாலைக்கு வந்து, "என் பிள்ளை ஒரு தப்பும் பண்ணவில்லை. ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்கிறாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. "தப்புச் செய்யாதவனை அடித்ததால், நினைக்காத நேரத்தில் உங்களுக்குப் பயம் வந்து சேரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஜனமேஜயன் நடுங்கிப்போய், அந்தச் சாபத்தைத் தீர்க்க ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான். அவ்வளவு பெரிய பாரதத்தின் வாசலில் ஒரு பெண் நாய் நின்று ராஜாவிடம் நியாயம் கேட்கிறது!

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். சரமா என்றே வைத்துவிடலாம் என்றும் சொன்னேன். அம்மா கதையை முழுக்கக் கேட்டது. பேரை நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. "நம்ம வாயில நொழயல" என்றது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே ஆரம்பித்தது.

"காளின்னே வெச்சுக்க. ஆனா ஒண்ணு. அந்தப் பேர வெச்சா யாரும் அத அடிக்கக் கூடாது. வையக் கூடாது. மிஞ்சுன சோத்த வெளியில வீசி எறிஞ்சு, வந்து தின்னுட்டுப் போன்னு வெரட்டக் கூடாது. முடியும்னா வையி. முடியாதுன்னா டெய்சின்னு வெச்சுட்டுப் போ."

ஆதகூரில் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடாதே என்று பூசாரிக்கு எழுதி வைத்தார்களே, அதுவும் இந்த மாதிரி ஒரு நிபந்தனைதான் என்று எனக்குப் பட்டது. பேர் நாய்க்கு, கட்டுப்பாடு நமக்கு.

முடியும் என்றேன். டெய்சி கிடைக்காத வருத்தம் மகளுக்கு இரண்டு நாள் இருந்தது.

பேர் நன்றாகத்தான் உழைக்கிறது. கடல்காற்று எதிரே அடிக்கும்போது கூப்பிட்டுப் பார்த்தால்தான் ஒரு பேரின் தரம் தெரியும். 'கா' என்று வாயைத் திறந்து தொடங்குகிறோம். 'ளீ' என்று எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். அரசலாற்றங்கரையில் நின்று கூப்பிட்டால் களத்திலிருந்து காது நிமிர்கிறது. வா, போ, உட்கார் என்று நாம் சொல்கிற எதனோடும் அது குழம்பவில்லை. ராத்திரியில் களத்துப் பக்கம் வருகிறவர்கள் "காளி இருக்காளா?" என்று தூரத்திலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. எட்டு மாசத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷனும் முடிந்தது. பத்து நாள் அதைத் துள்ளவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் கஷ்டம். மற்றபடி ஒன்றுமில்லை. அம்மா முதல் நாள் கேட்ட கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான். எங்கள் வீட்டிலிருந்து எந்த மோட்டார் கொட்டகைக்கும் சாக்குப் போகாது. பட்டணத்தில் நாய் வளர்க்க நினைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பொட்டை என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டைச் சுற்றியே கிடக்கும், சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நல்ல பேராக வையுங்கள். வைத்த பிறகு அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி நீங்கள் நடந்துகொள்ள முடியுமா என்று மட்டும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கணத்தில் நாய் அஃறிணை. வந்தது, போனது என்றுதான் எழுத வேண்டும். நானும் இவ்வளவு நேரம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த இலக்கணம் எப்போது உடைந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. போன வாரம் வயலிலிருந்து திரும்ப எட்டு மணி ஆகிவிட்டது. கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா தட்டை வைக்கவில்லை. கையில் சோற்றுக் கிண்ணத்தோடு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருடா. காளி இன்னும் சாப்புடல. எங்க போனா அவ?"